அவர் வாயைத் திறக்கும் முன்

ஒரு இடத்தைப் பார்த்த மாத்திரத்தில், அங்கே யார் எப்படிச் சாவார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மற்ற அதிகாரிகளுக்கு ரூல் தெரியும், அபராதம் போடத் தெரியும், அபராதம் போடாமல் இருக்க எவ்வளவு வாங்கலாம் என்பதும் தெரியும். இவருக்கு ஆள் தெரியும். அந்த ஆளின் நடை, கையில் வைத்திருக்கும் சாமான், அன்றைக்கு அடிக்கும் வெயில் எல்லாம் தெரியும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. அவர் எங்கள் ஊரில் வேலை பார்த்த காலத்திலேயே அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. “அவுக வாராக” என்பார்கள், அவ்வளவுதான். எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. இதைப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயப்படுகிறவன் நான் இருந்த இடத்திலிருந்து நான் வந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது. எங்கள் பக்கம் ரயில் வந்த புதிதில் கூட்ஸ் ஷெட்டில் முதுகில் சாக்கைப் போட்டு மூட்டை சுமந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்புறம் சொந்தமாக வண்டி, அப்புறம் நெல் மண்டி, அப்புறம் அந்தத் தெருவிலேயே முதல் மச்சுவீடு. எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

கல்லிடைக்குறிச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே, ஆற்றை ஒட்டின ஊர் எங்களுடையது. அவர் லோக்கல் பண்டு ஓவர்சியராக, ஊரின் ரோடு, கிணறு, கட்டடங்களை மேற்பார்க்கிற சர்க்கார் ஆளாக, அங்கே வந்தது, ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால். பாளையங்கோட்டைக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒடிசலான உடம்பு, கழுத்து வரை பித்தான் போட்ட கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. அதன் இரும்பு நுனியால் தரையை, சுவரை, மரத்தை, படியைத் தட்டிக்கொண்டே வருவார். பின்னால் அளவுச் சங்கிலியும் தார் டப்பாவும் தூக்கிக்கொண்டு ஒரு சேவகன் வருவான்.

அந்த நாளில் மேலிடத்திலிருந்து ரூல்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. தெருப்பக்கம் தாழ்வாரக் கீற்று இத்தனை அடிக்குமேல் நீளக்கூடாது. சாய்ந்த மரம் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் படித்துறையில் கீழ்ப்படிக்கு இறங்கக்கூடாது. வீட்டுக்குள் ஊஞ்சல் போட்டாலும் சங்கிலியைக் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். என் வீட்டு ஊஞ்சலில் சர்க்காருக்கு என்ன சோலி என்று நானே கேட்டிருக்கிறேன். இவருக்கு முன்னால் இருந்தவரிடம் ஒரு தார் வாழைப்பழத்தோடு எந்த ரூலும் முடிந்துவிடும். இவர் பழம் வாங்கமாட்டார், பணம் தொடமாட்டார். அபராதமும் போடமாட்டார். நின்று, பைய, இரக்கமான குரலில், நடக்கப்போவதைச் சொல்லுவார்.

நான் முதன்முதலில் கேட்டது ஒரு அப்பளக்காரர் வீட்டில். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் பெண்கள் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் எனக்குத் தரவேண்டிய அரிசி பாக்கி விஷயமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“அவ குனிஞ்சபடியே ஒவ்வொரு வரிசையா வச்சுக்கிட்டுப் பின்னால பின்னால வருவா. வெயில் கண்ணுல அடிக்கும். கடைசி வரிசைக்குக் கால எடுத்து வைக்கும்போது வலது குதிகாலுக்குத் தரை இருக்காது. கையில இருக்கற அப்பளத்த மட்டும் விடமாட்டா. கீழ வந்து பாக்கும்போதும் அது உடையாம அவ கையில இருக்கும்.”

சொல்லிவிட்டு நாலு மாசத்துக்குள் சுவர் எடுக்கவேண்டும் என்று சேவகனைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.  மேலே வேலை செய்தவர்களில் ஒருத்தி அப்பளக்காரருடைய தங்கை. அன்று மதியத்துக்குள் எல்லாப் பெண்களையும் கீழே இறக்கிவிட்டார். அப்புறம் அந்த மாடியில் அப்பளம் காயவில்லை, சுவர் கட்டின பிறகும்.

இப்படி ஊர் முழுக்க ஆட்களைக் காட்டினார். எண்ணெய்ச் செக்குக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பு மாட்டிக்கொள்ளப்போகும் பெண். சாய்ந்த தென்னைக்குக் கீழே நிழலுக்காக வண்டியை நிறுத்தப்போகும் வண்டிக்காரன். அவர் யாரையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் கேட்கிறவனுக்கு உடனே ஒரு முகம் தெரியும். அதுதான் விஷயம். சட்டத்தைச் சொல்லியிருந்தால் எங்கள் ஊர்க்காரன் சட்டத்தோடு சண்டை போட்டிருப்பான். முகத்தோடு எப்படிச் சண்டை போட?

மேலத்தெருக் கிணறு விஷயம் அதற்கு அப்புறம் நடந்தது. தரையோடு தரையாக இருந்த கிணறு. இடுப்பு உயரத்துக்குச் சுவர் எடுக்கச் சொன்னார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரர் வாய்க்கொழுப்பாகக் கேட்டார். அவர் சொன்னார். தூறல் விழும். முழுகாமல், வாயும் வயிறுமாக இருக்கிற பெண் ஒருத்தி பித்தளைக் குடத்தோடு வருவாள். குடம்தான் மிதக்கும், அதைப் பார்த்துத்தான் தேடுவீர்கள். வீட்டுக்காரர் அறுப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டார். கார்த்திகை மாசம் அந்த வீட்டு மருமகளை அந்தக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். குடம் மிதந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் என் மண்டியில் கூட்டம். “கருநாக்கு” என்ற வார்த்தையை முதலில் யார் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாருடைய வாயிலும் அது ஏற்கெனவே தயாராக இருந்த மாதிரி இருந்தது. சில பேருக்கு நாக்கில் கறுப்பு மச்சம் இருக்கும், அவர்கள் கெட்டதைச் சொன்னால் அது நடந்தே தீரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் எடுத்துச் சொன்னேன். சுவர் இல்லாத கிணறு, மழையில் வழுக்கத்தானே செய்யும்? தண்ணீர் எடுக்கப் பெண்கள்தானே வருவார்கள்? எந்தப் பித்தளைக் குடம் மிதக்காது? அவர் ஐம்பது சொன்னார், ஒன்று நடந்தது, மிச்சம் எங்கே என்று கேட்டேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள்.  கேட்டு முடித்துவிட்டு எழுந்துபோய் அவரவர் கிணற்றை மூடினார்கள்.

கவனியுங்கள், அவர் கேட்டது இடுப்பளவு சுவர். மூடச் சொல்லவில்லை. ஆனால் சுவர் எத்தனை உயரம், எதில் கட்ட வேண்டும் என்று கேட்கப்போனால் அவர் வாயைத் திறப்பாரே. அதனால் யாரும் கேட்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு ஆறு இருக்கிறது, கிணறு எதற்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த வாரத்தில்தான் சாய்ந்த தென்னைகளையும், சாயாத தென்னைகளையும், பயத்தில் வெட்டித் தள்ளியிருந்தார்கள். அந்தத் தடிகளையே கிணற்று வாயில் குறுக்கே போட்டு, மேலே பலகைக்கல் பரப்பி, சுண்ணாம்புக் காரை பூசினார்கள். என் வீட்டு வாசலுக்கு எதிரே இருந்த தெருக்கிணற்றையும் அப்படித்தான் மூடினார்கள். முழங்கால் உயரத்துக்கு நல்ல மேடை மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தெருவுக்குள் வந்தால் நடப்பதைப் பார்க்க வேண்டும். குடை நுனி கல்லில் தட்டும் சத்தம் தெருமுனையில் கேட்கும். உடனே வீட்டுக்காரர்கள் வெளியே ஓடிவந்து கை கூப்பிக்கொண்டு நிற்பார்கள்.

“அய்யா, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். எதப் பாக்கியளோ அத நாங்களே இடிச்சிருதோம்.”

அவர் எதைப் பார்க்கிறார் என்பதுதான் கணக்கு. அவர் ஒரு முருங்கையைப் பார்த்துவிட்டால் அன்றே அது விழும். படிக்கட்டைப் பார்த்தால் படிக்கட்டு போகும். ஒரு தடவை, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு சும்மா ஒரு வீட்டு நிலைப்படியைப் பார்த்துவிட்டார். மறுநாள் அந்த வீட்டுக்காரன் நிலையைப் பெயர்த்துவிட்டு, சுவரில் இருந்த ஓட்டை வழியாக வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தான். ஊஞ்சல் எல்லாம் இறங்கிவிட்டது. ஆற்றில் குளிக்கிறவர்கள் முதல் படியில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டார்கள், காய்ச்சல்காரர்கள் மாதிரி. பிள்ளைகள் ஓடினால் அடி விழுந்தது. மத்தியான வேளையில் அந்தத் தெருக்களில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். மரம் இல்லை, அதனால் காக்கையும் இல்லை.

மேலதிகாரி ஒருவர் முகாம் வந்தபோது இதையெல்லாம் பார்த்து மெச்சிப் போனார். இந்த ஜில்லாவிலேயே இப்படிச் சட்டத்துக்கு அடங்கின ஊர் கிடையாதாம். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் பத்து ரூல் அனுப்பி வைத்தார்.

ஓவர்சியரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், பாவம். ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். என்னோடு மட்டும் அவர் உட்கார்ந்து பேசுவார். நான் அவரைப் பார்த்து ஓடாதது காரணமாக இருக்கலாம். வெயில் தாழும் வரை மண்டியில் இருந்துவிட்டுப் போவார். அப்போதும் கண் சும்மா இருக்காது. அடுக்கின மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் ஒரு வரிசையைக் கீழே இறக்கச் சொன்ன பிறகுதான் மோரைக் குடிப்பார்.

அப்படி ஒரு நாள் அவர் மண்டியில் உட்கார்ந்திருந்தபோது கீழத்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தான். ஊரே அறியும். அவள் ஓவர்சியருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தன் வீட்டுக்கும் ஒரு தடவை வரவேண்டும் என்று கேட்டாள். வீட்டில் என்ன பழுது, கூரையா சுவரா என்று இவர் விசாரித்தார்.

“கூரையெல்லாம் நல்லாத்தான் இருக்கு அய்யா. அவுகதான் கெடக்காக. முதுகெல்லாம் புண்ணு. ராவும் பகலும் சாமிய ஏசுதாக. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிரும்லா.”

அவருக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, “இந்தம்மா என்ன சொல்லுதாங்க அண்ணாச்சி?” என்று கேட்டார்.

அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் முகத்துக்கு எதிரேயும் பேசுகிறவன் நான். சொல்லிவிட்டேன். கிணறு, கருநாக்கு, மரம் வெட்டினது, நிலைப்படி பெயர்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். கையிலிருந்த மோர்ச் செம்பு மட்டும் சாய்ந்து, மோர் கோட்டில் வடிந்துகொண்டிருந்தது.

பிறகு எழுந்து அவளோடு போனார். நானும் போனேன். இருட்டான குச்சு வீடு, நாற்றம். கட்டிலில் இருந்தவன் இவரைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு தயாரானான். அந்தக் கண்மூடலை நான் மறக்கவில்லை. ஓவர்சியர் கட்டிலின் காலருகில் நின்றார். தன் வாய்க்குச் சக்தி கிடையாது என்று காட்டுவதற்காகச் சொன்னாரா, வேறு எப்படியுமே அவரால் சொல்ல முடியவில்லையா, எனக்குத் தெரியாது. “நல்லாயிருவாரு. இன்னும் ரொம்ப காலம் இருப்பாரு” என்றார்.

அவள் அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, “பாவி” என்று மட்டும் சொன்னாள்.

அந்த மனுஷன் அதே கட்டிலில், அவள் செத்த பிறகும் உயிரோடு இருந்தான்.

அன்றோடு அவர் பேச்சை நிறுத்தினார். ஆபீசில் தலையசைப்பு, கைச்சாடை. பழுதை எழுதிக்கொடுப்பதையும் விட்டுவிட்டார். எழுதினாலும் சொன்னது மாதிரிதான் என்று அவருக்கே ஆகிவிட்டது போலிருக்கிறது. ஆனால் கண்ணை நிறுத்த முடியவில்லையே. அதனால் கையால் செய்ய ஆரம்பித்தார். பாதையில் பள்ளம் தெரிந்தால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே மண் அள்ளிப் போட்டார். படித்துறையில் பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். சர்க்கார் உத்தியோகஸ்தர், முழங்கால் வரை நனைந்து, ஒரு வார்த்தை பேசாமல். குளிக்க வந்தவர்கள் தூரத்திலேயே நின்று, அவர் போன பிறகும் அந்தப் படியில் கால் வைக்காமல் திரும்பிப் போனார்கள்.

வீட்டிலும் அப்படித்தான் என்று சேவகன் என்னிடம் சொன்னான். “மீன்ல முள்ளு இருக்குன்னுகூடப் பிள்ளைககிட்டச் சொல்லமாட்டேங்காக அண்ணாச்சி. எல்லார் தட்டுலயும் தானே உக்காந்து எடுத்துப் போடுதாக. அது முடியுதவரைக்கும் யாரும் வாயில வைக்கக் கூடாது.”

இந்த நிலைமையில்தான் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தேன். அம்பாசமுத்திரத்தில் நல்ல இடம். மாப்பிள்ளையின் பெரியப்பா நூறு ஏக்கர் நஞ்சைக்காரர், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவன் வீட்டில் பெண்ணெடுக்க யோசித்துத்தான் சம்மதித்தார். ஒரு சொல் பிசகினாலும் திரும்பிப் போய்விடுகிற ஆள். ஆகவே எல்லாம் கண்ணில் நிறைகிற மாதிரி இருக்க வேண்டும் என்று மாடி முகப்பில் தெருவைப் பார்த்து நீட்டினாற்போலச் செங்கோட்டைத் தேக்கில் ஒரு மரமாடம் இழைத்திருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு வரும்போது பெண்கள் எல்லாரும் அங்கே நின்று பார்ப்பார்கள். அந்தத் தாலுகாவில் அப்படி ஒரு மாடம் கிடையாது.

ஆனால் மாடத்துக்கு அனுமதி வேண்டும், பந்தலுக்கு அனுமதி வேண்டும், தீவட்டிக்குக்கூட அனுமதி வேண்டும். அவர் வருவதற்கு முன்னால் மாடத்தை இறக்கிவிடச் சொல்லி ஆள் மாற்றி ஆள் வந்து சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அவர் வந்து பார்க்கட்டும், என்ன சொல்கிறாரோ சொல்லட்டும்.

வந்தார். வாசலில் குடை தட்டும் சத்தம் கேட்டதும் என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு ஏறினார். சுவரைத் தட்டினார், உத்தரத்தைத் தட்டினார். மாடத்துக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு அவர் வாய் திறந்தது. உதடு ஒரு சொல்லுக்குக் குவிந்தது. என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். 

“சொல்லும் வே,” என்றேன். “நான் அவனுகள மாதிரி இல்ல. என் வீட்டுல நின்னு நீரு எத வேணும்னாலும் சொல்லலாம். கேட்டுக்கிட்டு, என்ன செய்யணுமோ செய்தேன்.”

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. கீழே வந்து அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைச் செய், இதை மாற்று என்று ஒரு நிபந்தனைகூட இல்லை. யாருக்குமே அவர் அப்படிக் கொடுத்ததில்லை. சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்தார். தெருக்கிணற்று மேடையின் ஓரத்தில் காரையைக் கொத்த ஆரம்பித்தார். எதிர்வீட்டு எண்ணெய்க்கடைக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். நான் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். யாரும் அதட்டவில்லை. கோயிலில் பேசுகிற மாதிரிதான் பேசினார்கள்.

“மூடுனது மூடுனபடியே இருக்கட்டும் அய்யா. அதத் தொறந்து எங்களுக்கு ஆளக் காட்டாதிய.”

அவர் கல்லைக் காட்டினார், உள்ளே காட்டினார், இரண்டு கையையும் பொடிப்பொடியாக உதிர்கிற மாதிரி ஆட்டினார். சாடையைப் பார்க்கவும் பயந்து அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எண்ணெய்க்கடைக்காரர், தூங்குகிற பிள்ளை கையிலிருந்து சாமானை எடுக்கிற மாதிரி, கடப்பாரையைப் பைய வாங்கிக்கொண்டார். அவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அப்போது கிணற்றின் மேல் நினைப்பே இல்லை. மாடத்தில் நின்றுதானே வாயைத் திறந்தார், மாடத்தில்தான் எதையோ கண்டுவிட்டார் என்று என் புத்தி ஓடியது. அது ஒரு தேக்கு மாடம், யானை நின்றாலும் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று மத்தியானமே ஆசாரிகளைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னேன். “பொம்பளைக எங்கன நின்னு பாக்க?” என்று என் மனைவி கேட்டாள். எங்கேயாவது நில்லுங்கள் என்றேன்.

மாப்பிள்ளை அழைப்பு, கல்யாணத்துக்கு முந்தின நாள் விளக்கேற்றும் நேரத்துக்கு வந்தது. இரட்டை நாயனம், தீவட்டி, குதிரையில் மாப்பிள்ளை. தெருவில் பந்தலுக்கு வெளியே உயரமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெண்கள் எல்லாரும் கிணற்று மேடையில் ஏறிவிட்டார்கள். அவர் கொத்தின ஓரத்தைப் பூசியாயிற்று, வாயால் அவர் ஒன்றும் சொல்லவுமில்லை; மற்றபடி அதைக் கிணறு என்று பெண்கள் நினைப்பதை விட்டு வருஷமாகியிருந்தது. அதன் மேல்தான் வற்றல் காயப்போடுவார்கள், அரிசி புடைப்பார்கள். முன்னால், நடுவில், ஆரத்தித் தட்டோடு என் மனைவி நின்றாள்.

நான் சம்பந்தி வீட்டாரோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். கூட்டம் இரண்டாக விலகுவது தெரிந்தது. நடுவில் அவர், சேவகன் இல்லாமல், குடையும் இல்லாமல் வந்தார். நேரே மேடைக்குப் போய் நின்று, மேலே இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாய் திறந்தது. அவ்வளவுதான், பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நாலா பக்கமும் குதித்து இறங்கினார்கள். ஆனால் என் மனைவி இறங்கவில்லை. கையில் எரியும் கற்பூரம், எதிரே சம்பந்தி. பெண்ணைப் பெற்றவள் தட்டோடு ஓடினால் என்ன சகுனம்? அவள் நின்றாள்.

அவர் வாயை மூடினார். எட்டி அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

அவள் அவர் மேலேயே வந்து விழுந்தாள். தட்டு கல்லில் விழுந்து சுற்றிக்கொண்டு கிடந்தது. நாயனம் பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைப் பார்த்து, “அடுத்தவன் பொண்டாட்டி கையப் புடிக்கவனுக்கு ஒங்க ஊர்ல வெத்தல பாக்கு வைப்பியளோ?” என்றார். அவருடைய ஆட்கள் கம்போடு பாய்ந்துவிட்டார்கள். தலைப்பாகை போயிற்று. உதடு கிழிந்தது. அடி வாங்கும்போதும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. நான் உள்ளே புகுந்து, இனி ஒரு கை ஓங்கினால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லி அவர்களை விலக்கினேன். அந்த இடத்தில் அதைச் சொல்ல வேறு எவனுக்கும் தைரியம் இருந்திருக்காது.

அந்த அமைதியில்தான் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. படுத்திருக்கும் மாடு மூச்சு விடுகிற மாதிரி ஒன்று. காரை வெடித்துப் புழுதி கிளம்பியது. நடுக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆரத்தித் தட்டு அதில் வழுக்கிக்கொண்டு, கற்பூரம் அணையாமலே உள்ளே போயிற்று. அதன் பின்னால் கல் போயிற்று. தண்ணீர்ச் சத்தம் வர நேரமானது. ஈரத்தில் மக்கிப்போன தென்னந்தடி, அத்தனை பெண்கள் ஒரே சமயத்தில் குதித்ததில் விட்டுப்போயிருக்கிறது. எட்டிப் பார்த்தபோது விளிம்பில் ஒட்டியிருந்த துண்டு, கையால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

இப்போது எல்லாரும் அவர் காலில் விழப்போகிறார்கள் என்று நினைத்தேன். எண்ணெய்க்கடைக்காரர்தான் பேசினார், மிகவும் தாழ்ந்த குரலில்.

“இத்தன நாளும் நாக்குதான். இப்ப கையுமா.”

ஜனங்கள் பின்வாங்கினார்கள். அவரைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. அவரை அடித்த ஆட்கள், தொட்டது ஒட்டிவிடுமோ என்று, குனிந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்தபடி அதையெல்லாம் பார்த்தார். பிறகு எழுந்து, தலைப்பாகையை எடுத்துக்கொண்டு, வட்டத்தோடு தெருவை விட்டுப் போனார். அவர் போகப் போக வட்டமும் கூடவே நகர்ந்தது.

கல்யாணம் நடந்தது. கிணற்றுக்கு மறுவாரமே நான் என் செலவில் இடுப்பளவு சுவர் கட்டி, இரும்பு ராட்டினமும் போட்டேன். ஊரில் எழுதிப்போட்ட மனுவுக்கு மேலிடம் மறுபேச்சுப் பேசாமல் அவரை ராமநாதபுரம் பக்கம் மாற்றியது. அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனவன் நான் ஒருவன்தான். பிளாட்பாரத்தில் அவரைச் சுற்றி யாரும் இல்லை. அன்றைக்கு மாடத்தில் நின்று நீங்கள் பார்த்தது மாடத்தை இல்லை, கீழே கிணற்றைத்தானே என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். யாருக்கும் கும்பிடு போடாத நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வண்டி வருகிற சத்தம் கேட்டது. அவர் குடை நுனியால் என் காலைத் தொட்டு, பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். நின்றேன்.

என் மனைவியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அந்த மணிக்கட்டில் அவர் விரல் பதிந்த தடம் நாலு நாளில் மறைந்துவிட்டது. அந்தக் கையால் அவள் சமைத்தாள், சாப்பிட்டாள், எனக்குப் பரிமாறினாள். ஆனால் வெளியாருக்கு அந்தக் கையால் எதையும் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை வருகிற பெண்களுக்குக் குங்குமத்தைத் தட்டோடு தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வாள். மகள் முதல் பிரசவத்துக்கு வந்தாள். பேரப்பிள்ளை பிறந்ததும் என் மனைவி வலது கையை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிலுக்கு ஓரமாக நின்றாள். குழந்தையை வாங்கிக்கொள் என்று மகள் நீட்டினாள். இவள் வாங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று அந்த மனுஷன் உன்னைப் பிடித்து இழுத்திராவிட்டால் நீ கல்லோடு போயிருப்பாய், இன்றைக்கு இந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்திருப்பாயா என்று சத்தம் போட்டேன்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றாள். “அவுக நல்ல மனுசன்தான். என் உசுரக் குடுத்தவுக. நான் ஒருநாளும் அவுகளக் கொற சொல்லல. ஆனா அவுக போயிட்டாக. கை எங்கிட்டல்லா இருக்கு.”